மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் முகக்கவசத்தைப் பொருத்திக்கொள்ளும் முறை

2020ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள், ஏசி ஓடிக்கொண்டிருந்த ஒரு வங்கிக் கிளையில் நின்று செலான் நிரப்பிக்கொண்டிருந்தேன். மூச்சை விடும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியின் கீழ்ப்பாதி வெளுத்தது; மூச்சை இழுக்கும்போது தெளிந்தது. தெளிந்த நேரத்தில் அவசரமாக எழுதியதில் 7,000 ரூபாய் 70,000 ரூபாயாகிவிட்டது. கவுன்டரில் இருந்த அம்மையார் செலானைத் திருப்பித் தந்துவிட்டு, "மாஸ்க்கைக் கொஞ்சம் மேல ஏத்தி, கம்பிய நல்லா அழுத்தி விடுங்க சார்" என்றார். அவரும் கண்ணாடிதான் போட்டிருந்தார், ஆனால் அதில் ஒரு துளி ஆவியும் இல்லை.

கண்ணாடி மூடிக்கொள்வது, கவசம் மூக்கிலிருந்து நழுவுவது, காது வலிப்பது ஆகிய மூன்றையும் நான் அதுவரை தனித்தனித் தொல்லைகளாகவே எண்ணியிருந்தேன். மூக்கின் இருபுறமும் இடைவெளி இருந்தால் வெதுவெதுப்பான மூச்சு அந்த வழியே மேலேறிக் கண்ணாடியில் படிகிறது. மூக்கில் பிடிமானம் இல்லாத கவசம் பேசப் பேசக் கீழே இறங்குகிறது. அதை நிறுத்த நாடாவை இறுக்குகிறோம், காது வலிக்கிறது. ஆகவே கீழே சொல்லியிருப்பவற்றை அதே வரிசையில் செய்து பாருங்கள்; மூக்கை விட்டுவிட்டுக் காதில் தொடங்கினால் பயன் இருக்காது.

முதல் படி: கவசத்தைத் தேர்ந்தெடுத்தல்

மேல் விளிம்பில் வளையக்கூடிய கம்பி உள்ள கவசத்தையே வாங்குங்கள். துணிக் கவசமானால் மூன்று அடுக்கு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூன் மாதம் அறிவுறுத்தியது: ஈரத்தை உறிஞ்சும் பருத்தி உட்புறமாகவும், வடிகட்டும் துணி நடுவிலும், ஈரம் ஒட்டாத துணி வெளிப்புறமாகவும் அமைய வேண்டும். மூச்சு எளிதாக வெளியேறுகிறது என்பதற்காக வால்வு வைத்த என்-95 கவசத்தை வாங்க வேண்டாம். அந்த வால்வு நம் மூச்சை வடிகட்டாமல் அப்படியே வெளியே விடுவதால், அதைத் தவிர்க்கும்படி மத்திய சுகாதாரத் துறை 2020 ஜூலையில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது.

இரண்டாம் படி: கண்ணாடியைச் சோப்பு நீரில் கழுவுதல்

வீட்டை விட்டுக் கிளம்புவதற்குச் சற்று முன்பு, சோப்பு கலந்த நீரில் கண்ணாடியை முக்கி எடுத்து, உதறிவிட்டுக் காற்றில் உலரவிடுங்கள். சோப்பு விட்டுச்செல்லும் மெல்லிய படலம் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், மூச்சின் ஈரம் சிறு சிறு துளிகளாகத் திரளாமல் ஒரே ஏடாகப் பரவிவிடுகிறது, பார்வையும் மறைவதில்லை. அறுவைக்கூடங்களில் கண்ணாடியுடன் வேலை செய்யும் மருத்துவர்களுக்காக இந்த எளிய உபாயம் 2011ஆம் ஆண்டிலேயே ஓர் ஆங்கில மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது. பற்பசை தேய்க்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்த யோசனையை மட்டும் கேட்காதீர்கள். பற்பசையில் இருக்கும் நுண்துகள்கள் லென்ஸின் மேற்பூச்சைக் கீறிவிடும், கீறல் விழுந்தபின் லென்ஸை மாற்றுவதைத் தவிர வழியில்லை. சோப்புப் படலமும் நாள் முழுவதும் நிற்காது. கசிவைக் குறைப்பதுதான் அடிப்படை வேலை, அது அடுத்த படியில்.

மூன்றாம் படி: மூக்குக் கம்பியை வளைத்தல்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். நாடாக்களைக் காதில் மாட்டியதும் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூக்கின் மேல் கம்பியை ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். அப்படிக் கிள்ளினால் கம்பி நடுவில் கூரை முகடுபோல் மடிந்து, மூக்கின் இரு பக்கமும் இரண்டு சிறு சுரங்கங்களைத் திறந்துவிடுகிறது. அவை நேராகக் கண்ணாடியின் கீழ் விளிம்பைப் பார்த்தே திறந்திருக்கும்.

முகம் பார்க்கும் கண்ணாடியின் முன் நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வையுங்கள். கவசத்தின் மேல் விளிம்பை மூக்குத் தண்டில் இயன்ற அளவு உயரத்தில் நிறுத்தி, கீழ் விளிம்பைத் தாடைக்கு அடியில் இழுத்துவிடுங்கள். இரு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் கம்பியின் நடுவில் சேர்த்து வைத்து, அங்கிருந்து இரு பக்கமும் மெல்ல அழுத்திக்கொண்டே, முதலில் மூக்கின் சரிவிலும், பிறகு மூக்கும் கன்னமும் சேரும் பள்ளத்திலும், கடைசியாகக் கன்ன மேட்டிலும் விரல்களைக் கொண்டுசெல்லுங்கள். அந்தப் பள்ளத்தில் மட்டும் விரல் சற்றுக் கூடுதலாக நிற்கட்டும். இவ்வளவும் முடிந்த பிறகே, கவசத்தின் மேல் விளிம்பின்மீது உட்காரும்படி மூக்குக்கண்ணாடியை அணியுங்கள். கண்ணாடியின் எடையே அந்த விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

நான்காம் படி: பக்கவாட்டு இடைவெளியை மூடுதல்

கடைகளில் கிடைக்கும் நீல நிற மூன்றடுக்குக் கவசம் பல முகங்களில் கன்னத்தருகே வாய் பிளந்து நிற்கும். இரு பக்கமும் காது நாடா கவசத்தோடு சேருமிடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு, அதனால் புடைத்து நிற்கும் மடிப்பை உட்புறமாகச் செருகிவிட்டால் அந்தப் பிளவு மூடிக்கொள்ளும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வக முடிவுகளின்படி, செயற்கையாக இருமவைத்தபோது சாதாரணமாக அணிந்த மூன்றடுக்குக் கவசம் சுமார் 56 சதவீதத் துகள்களைத் தடுத்தது; முடிச்சிட்டு மடிப்பைச் செருகியதும் அதே கவசம் 77 சதவீதத்தைத் தடுத்தது. கவசம் ஒன்றுதான், மாறியது பொருத்தம் மட்டும். முடிச்சுப் போட்டால் நாடாவின் நீளம் குறையும் என்பதால் அகன்ற முகம் உடையவர்களுக்கு இது ஒத்துவராமல் போகலாம். அவர்கள் மூன்றடுக்குக் கவசத்தின் மேல் ஒரு துணிக் கவசத்தை அணிந்து பக்கங்களை அழுத்திப் பிடிக்கச் செய்யலாம். என்-95 கவசத்தில் முடிச்சும் வேண்டாம், அதன்மேல் இன்னொன்றும் வேண்டாம்.

ஐந்தாம் படி: சோதித்துப் பார்த்தல்

வாயைக் குவித்துப் பலமாக மூச்சை விடுங்கள். கண்ணாடி வெளுத்தால் மூன்றாம் படிக்குத் திரும்ப வேண்டியதுதான். இந்தச் சோதனையை ஏசி அறையிலோ மார்கழிக் காலையிலோ செய்தால்தான் முடிவு நம்பத் தக்கதாக இருக்கும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் நின்றால் லென்ஸும் சூடாகவே இருக்கும், ஆகவே எவ்வளவு கசிந்தாலும் ஆவி படியாது. அதேபோல் ஏசி பஸ்ஸிலிருந்து சென்னையின் புழுக்கத்துக்குள் இறங்கியதும் கண்ணாடி மூடிக்கொண்டால், குளிர்ந்த லென்ஸில் வெளிக்காற்றின் ஈரம் படிந்திருக்கிறது என்று பொருள். கவசத்தைத் திட்டுவதில் நியாயமில்லை.

ஆறாம் படி: காதுகளைக் காத்தல்

இத்தனைக்குப் பிறகும் காது வலித்தால், ஹேர்பேண்டின் இருபுறமும், காதுக்குச் சற்றுப் பின்னால் வருமாறு, ஒவ்வொரு சட்டைப் பொத்தானைத் தைத்து, நாடாவைக் காதில் மாட்டாமல் அந்தப் பொத்தானில் மாட்டிக்கொள்ளுங்கள். ஜிமிக்கி அணிபவர்களுக்கும் இது உதவும். அவசரமாகக் கவசத்தைக் கழற்றும்போது நாடா ஜிமிக்கியில் சிக்கிக் காது மடலை இழுக்கும் வேதனை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். காதுக்குப் பின்னால் செவிக்கருவி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நாடாவோடு கருவியும் கழன்று விழுவது அடிக்கடி நடப்பதால், பின்தலையில் கட்டும் நாடா உள்ள கவசமே அவர்களுக்கு ஏற்றது.

செவித்திறன் குறைந்தவரிடம் பேசும்போது கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பேசும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கத்திப் பேசும் வழக்கமும் இருக்கிறது. இரண்டையும் விட்டுவிட்டு, நிதானமாகச் சொல்லுங்கள், அல்லது கைப்பேசியில் எழுதிக் காட்டுங்கள்.

ஏழாம் படி: மாற்றுதலும் துவைத்தலும்

வியர்வையில் நனைந்த கவசத்தின் வழியே மூச்சு விடுவது சிரமம், ஆகவே வெளியே செல்லும்போது மாற்றுக் கவசம் ஒன்றைக் காகித உறையில் எடுத்துச்செல்லுங்கள். கழற்றும்போது நாடாவை மட்டும் தொடுங்கள், பிறகு கை கழுவுங்கள். நீல மூன்றடுக்குக் கவசத்தைத் துவைக்கக் கூடாது. வீட்டில் தைத்த துணிக் கவசத்துக்கு, இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2020இல் வெளியிட்ட கையேட்டில் நம் சமையலறைக்கு ஏற்ற வழிகளே உள்ளன: சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு துவைத்து, நல்ல வெயிலில் குறைந்தது 5 மணி நேரம் காயவைக்கலாம், வெயில் இல்லாவிட்டால் பிரஷர் குக்கரில் நீர்விட்டுக் குறைந்தது 10 நிமிடம் வேகவைக்கலாம், குக்கரும் இல்லையெனில் பாத்திரத்தில் 15 நிமிடம் கொதிக்கவிடலாம்.

துணிக் கவசத்தில் இரும்புக் கம்பி இருந்தால் சில துவையல்களிலேயே துருப்பிடித்து, மூக்கின்மேல் பழுப்புக் கறை விடும். மேல் மடிப்பின் ஓர் ஓரத்தைத் தைக்காமல் விட்டுவைத்தால், துவைப்பதற்கு முன் கம்பியை உருவி வைத்துக்கொண்டு, துணி காய்ந்ததும் மீண்டும் செருகிக்கொள்ளலாம்.