பாசுரங்கள் வரிசை மாறிப் பாடினால்: எம்பி3 பிளேயர் கோளாறுகளைச் சரிசெய்வது எப்படி?

அம்மாவுக்குத் தொடுதிரை ஒத்துவரவில்லை. விரல் எங்கேயாவது பட்டுப் பாட்டு நின்றுவிடும். அதனால் பொத்தான் வைத்த சின்ன எம்பி3 பிளேயர் ஒன்றும் 64 ஜிபி மெமரி கார்டு ஒன்றும் வாங்கினேன். மார்கழிக்கு முன் திருப்பாவை 30 பாசுரங்களையும் ஏற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டியதில் கற்றுக்கொண்டதை, சிக்கல் வந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: உயிரே இல்லையா?

பவர் பொத்தானை 15, 20 நொடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். உறைந்துபோன பிளேயர்களில் பெரும்பாலானவை இதிலேயே எழுந்துவிடும். சிலவற்றில் ரீசெட்டுக்கென்று ஊசித் துளை இருக்கும். பேட்டரி அடியோடு இறங்கியிருந்தால் சார்ஜில் போட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் திரையில் ஏதாவது தெரியும். அதுவரை பொறுங்கள்.

சார்ஜ் ஏறுகிறது, ஆனால் கணினி கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். மலிவான கேபிள்கள் சிலவற்றில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பி மட்டுமே இருக்கும். தரவு கடத்தும் கம்பிகள் இருக்காது. வெளியே பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பிளேயரின் முதுகு உப்பியிருந்தால் மேற்கொண்டு எதையும் செய்யாதீர்கள். அது பேட்டரி வீக்கம். சார்ஜ் போடவோ அமுக்கவோ குத்தவோ வேண்டாம்.

படி 2: கார்டு தெரியவில்லையா?

கார்டில் கோப்புகளை அடுக்கி வைக்கப் பல முறைகள் உண்டு. 32 ஜிபி வரையிலான கார்டுகள் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் வரும். அதற்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபேட் முறையில் வரும். எளிய பிளேயர்கள் பலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் படிக்கத் தெரியாது. எனக்கும் ‘கார்டு இல்லை’ என்றுதான் வந்தது. விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டியில் 64 ஜிபி கார்டுக்கு ஃபேட்32 என்ற தேர்வே இல்லை. நான் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் செய்தேன். ‘பூட் ஆகாதது’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ஃபேட்32 கொடுத்தால் போதும். கார்டில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கார்டு சந்தேகத்துக்கிடமான விலையில் கிடைத்ததா? பாட்டு ஏற்றும் முன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். நேரம் பிடிக்கும், ஆனால் நான் இப்போது எந்தக் கார்டையும் இதைச் செய்யாமல் பயன்படுத்துவதில்லை.

படி 3: பாட்டு வரிசை மாறுகிறதா?

என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது இதுதான். “ஏண்டா, ஒண்ணு முடிஞ்சதும் பத்து பாடுது?” என்று அம்மா கேட்டாள். 1, 10, 11 என்று 19 வரை போய், பிறகு 2, 20 என்று பாடிக்கொண்டிருந்தது. நாளுக்கு ஒன்றாகப் பாடி வளர்ந்தவளுக்கு அது காதில் முள்ளாகக் குத்தியது.

எண்களை 01, 02 என்று மாற்றினால் போதும் என்று எல்லாரும் சொல்வார்கள். கார்டைச் செருகி அப்படியே மாற்றினேன். வரிசை அசையவில்லை. இதுபோன்ற பிளேயர்கள் பலவும் பெயரைப் பார்ப்பதே இல்லை. ஃபேட்32 கார்டில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு பட்டியல் உண்டு. கோப்புகள் எந்த வரிசையில் எழுதப்பட்டனவோ அதே வரிசையில் அதில் இருக்கும். பிளேயர் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. பெயரை மாற்றினாலும் பட்டியலில் கோப்பு இருக்கும் இடம் மாறவில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கணினியிலேயே 01 முதல் 30 வரை பெயரை மாற்றுங்கள். கார்டில் உள்ள பழைய ஃபோல்டரை முழுவதுமாக நீக்குங்கள். பிறகு கணினியிலிருந்து ஃபோல்டரை மொத்தமாக ஒரே முறை நகலெடுங்கள். கோப்புகளைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து இழுப்பவர்கள் 01-ஐப் பிடித்து இழுக்க வேண்டும். நடுவில் ஒன்றைப் பிடித்து இழுத்தால் விண்டோஸ் அதையே முதலில் எழுதிவிடக்கூடும். பிற்பாடு ஒரு பாட்டு சேர்த்தால், அது பட்டியலின் கடைசிக்கோ, எதையாவது அழித்த காலியிடத்துக்கோ போகும். அப்போது ஃபோல்டரை மறுபடி எழுதுங்கள், அல்லது லினக்ஸில் ஃபேட்சார்ட் போன்ற கருவியால் பட்டியலை அடுக்குங்கள்.

பாட்டு ஏற்ற, தானாகவே நகலெடுக்கும் ஒத்திசைவு (சிங்க்) மென்பொருள்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்தக் கோப்பு எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். முடிந்ததும் ‘பாதுகாப்பாக அகற்று’ கொடுத்த பிறகே கார்டை உருவுங்கள்.

படி 4: தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகிறதா?

பாட்டின் பெயர் முதலான விவரங்கள் கோப்புக்குள்ளேயே ஐடி3 என்ற குறிப்பாக இருக்கும். அதைத் திருத்த உதவும் எம்பி3டேக் மென்பொருளில் எல்லாக் கோப்புகளையும் திறந்து, அமைப்புகளில் எம்பெக் பகுதிக்குப் போய், எழுதும் முறையை ‘ஐடி3வி2.3 யூடிஎஃப்-16’ என்று வைத்துச் சேமியுங்கள். பழைய பிளேயர்கள் பலவும் அந்தக் குறிப்பின் அடுத்த பதிப்பான 2.4-ஐச் சரியாகப் படிப்பதில்லை. இதற்குப் பிறகும் கட்டமே வந்தால் பிளேயரில் தமிழ் எழுத்துருவே இல்லை என்று பொருள். எழுத்து வந்தும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறினால் அதையும் நம்மால் சரிசெய்ய முடியாது. எங்கள் பிளேயர் இந்த வகைதான். ஃபோல்டர்களுக்கு எண் வைத்து, எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று ஓர் அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பின்சேர்க்கை

வாசகர்கள் கேட்டதால் இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறேன்.

மேக்கில் நகலெடுத்தவர்களுக்கு ஒவ்வொரு பாட்டும் இரண்டாகத் தெரிந்து, அதில் ஒன்று பாடாமல் போகிறதாம். புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த குட்டிக் கோப்புகளை மேக் தானாகக் கார்டில் எழுதுகிறது. விண்டோஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி அவற்றை அழித்துவிடுங்கள்.

இன்னொருவருக்கு வாத்தியம் கேட்கிறது, பாடுபவர் குரல் மட்டும் இல்லை. இயர்போன் பின் முழுதாக உள்ளே போகாமல் இரு பக்கத்துக்கும் பொதுவான தரை இணைப்பு (கிரவுண்ட்) விட்டுப்போனால் இப்படி ஆகும். இரு பக்கமும் சமமாகப் பதிவான குரல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். துளையில் பஞ்சு அடைந்திருக்கும். பிளேயரை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி வேண்டாம். அவருக்கு மூன்றாவது முறை எடுத்தபோது குரல் திரும்ப வந்ததாம்.