ஓவர்கிளாக் பண்ண ப்ராசசர் கேம்ல தாங்குமா? செக் பண்ற விதம்

கேஎல் லோ யாட் கம்ப்யூட்டர் மால்ல புது கூலர் வாங்கி மாட்டி, ஓவர்கிளாக் (ப்ராசசர குறிச்ச வேகத்துக்கு மேல ஓட்டுறது) பண்ண கையோட கேம்ல குதிக்காதீங்க. முதல்ல எக்ஸ்எம்பிய (ரேம வேகமா ஓட வைக்கிற செட்டிங்) ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா பிரச்சனை ரேம்லயா ப்ராசசர்லயான்னு தெரியாது. ப்ராசசருக்கு முழு லோடு குடுக்குற டெஸ்ட் சாஃப்ட்வேர் ரெண்டு இருக்கு: சினிபெஞ்ச் ஆர்23 10 நிமிஷம், அப்புறம் ப்ரைம்95-ல ஸ்மால் எஃப்எஃப்டிங்கிற டெஸ்ட் 1 மணி நேரம், அதுவும் ஏர்கோன் போடாம மத்தியானத்துல ஓட்டுங்க, ஏன்னா கேஎல் வெயில்ல ரூமே 30 டிகிரிக்கு மேல நிக்கும். ப்ராசசர் சூடு 90 டிகிரி தாண்டுனா நிறுத்திடுங்க. ஆனா இதெல்லாம் சீரான லோடு, கேம்ல லோடு சட்டுன்னு ஏறி இறங்கும், வோல்டேஜும் கூடவே ஆடும், எனக்கு ப்ரைம் முழுசா ஓடியும் கேம் லோடிங்ல புளூ ஸ்க்ரீன் வந்துச்சு. அதனால ஓசிசிடிங்கிற டெஸ்ட் சாஃப்ட்வேர்ல வேரியபிள் லோடும் போடுங்க, கடைசியா உங்க கேமையே 2 மணி நேரம் ஆடுங்க. சூடு, எரர் எல்லாம் காட்டுற எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேர்ல வீயா எரர் (விண்டோஸ் பதிவு பண்ற ஹார்ட்வேர் எரர்) ஒன்னு வந்தாலும் ஸ்டேபிள் இல்ல, ப்ராசசர் வேகத்துல 100 மெகாஹெர்ட்ஸ் குறைச்சு மறுபடி ஓட்டுங்க.