மெல்லிய காற்றைக் குறிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளச்சல், முட்டம் கரைகளில் காற்றைக் குறித்து வைக்கப் பழகுகிறவர்களின் நோட்டுகளில் அதே பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பழகப் பழகத் தானே போய்விடும் சில்லறைப் பிழைகளை இங்கே விட்டுவிடலாம்.

தென்றல் என்று எழுதுவது

தென்றல் என்பது தெற்கிலிருந்து வரும் காற்று, வேகத்தின் பெயரல்ல. காற்றின் வேகத்தை 0 முதல் 12 வரை படிப்படியாகச் சொல்லும் பியூஃபோர்ட் எண்ணை எழுதுங்கள்.

அலை உயரத்தைக் காற்றாக எண்ணுவது

இந்தப் பிழையைத்தான் பொறுக்க முடிவதில்லை. கடலில் காற்றின் எண்ணைச் சொல்வது அலையின் முகடு. எண் 1 (மணிக்கு 1–5 கி.மீ.) என்றால் மீன் செதில் போன்ற சுருக்கம் மட்டும். எண் 2 (6–11) என்றால் முகடு கண்ணாடிபோல் இருக்கும், உடையாது. எண் 3-இல் (12–19) முகடு உடையத் தொடங்கும், அங்கங்கே வெண்ணுரை தெரியும். எண் 4-இல் (20–28) வெண்ணுரை அடிக்கடி வரும்.

புதியவர்கள் கரையில் உடையும் அலையைப் பார்க்கிறார்கள். அது ஆழம் குறைவதால் உடைவது. காற்றே இல்லாவிட்டாலும் உடையும். அதைவிட ஆபத்தானது இதன் மறுபக்கம்: முகத்தில் காற்று லேசாகத்தான் படுகிறது என்று "கடல் அமைதி" என எழுதிவிடுவது. தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எழும் புயல் அனுப்பும் நீண்ட அலைகள், இங்கே இலை அசையாத நாளிலும் கரையேறும். கள்ளக்கடல் என்பது அதுதான். 2024 மே 6 அன்று, கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தபோது, குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது.

ஆகவே இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில், அலை உடையும் இடத்துக்கு வெளியே தெரியும் நுரையை வைத்துக் காற்றின் எண். மற்றதில் அலை இடைவெளி: ஒரு பாறையைப் பதினொரு முகடுகள் கடக்கும் நேரத்தைப் பத்தால் வகுங்கள். மெல்லிய காற்று எழுப்பும் அலை சில நொடிக்கொன்று வரும். 12 நொடிக்கு மேல் போனால் அது தொலைவிலிருந்து வந்த அலை. காற்று 2 என்றாலும் இறங்காதீர்கள்.

முப்பந்தல் காற்றாலையைப் பார்த்து எழுதுவது

அளவைக்கான உயரம் தரையிலிருந்து 10 மீட்டர். காற்றாலையின் இறக்கை அதற்கு வெகு மேலே சுழல்கிறது. முப்பந்தல் இருக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று நெருக்கப்பட்டு வேகமெடுக்கிறது. அந்தக் காற்றை நாகர்கோவிலுக்கு எழுதக்கூடாது.

நாட், கி.மீ. குழப்பம்

நாட் என்பது கடலில் வழங்கும் வேக அளவு. 10 நாட் என்றால் மணிக்கு 18.5 கி.மீ., எண் 3. 10 கி.மீ. என்றால் எண் 2.

வாழைத்தோப்புக்குள் நின்று பார்ப்பது

கூடாது.

ஒரு வீச்சை எழுதுவது

பத்து நிமிடம் பாருங்கள். சராசரியை எழுதி, பலத்த வீச்சைப் பக்கத்தில் தனியாகக் குறியுங்கள்.