வீடு மாறக் காத்திருக்கும் நாட்களில் குளிர்கால நடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடு மாறும் தேதி முடிவாகாமல் இழுத்துக்கொண்டே போகும்போது, பாதி கட்டிய பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதைவிட வயல்வெளிப் பக்கம் நடந்துவிட்டு வருவது எவ்வளவோ மேல். எங்கள் நடைக் குழுவில் குளிர்காலந்தோறும் இப்படி ஓரிருவர் புதிதாகச் சேர்கிறார்கள். ஆரம்பத்தில் நாங்கள் எல்லோரும் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். குல்லா, கையுறை, தண்ணீர் பாட்டில் எல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பூட்ஸை முதல் பெட்டியில் போடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். மூட்டை கட்டும்போது தினமும் தேவைப்படாத பொருள்கள்தான் முதலில் உள்ளே போகும். நடைக்கான பூட்ஸும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். போன நடையின் சேறுகூடக் காயாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பெட்டியில் திணித்து, டேப் ஒட்டிவிடுவார்கள். தேதி தள்ளிப்போகும், பெட்டி அப்படியே கிடக்கும்.

எங்களோடு வந்த ஒரு தம்பதி அப்படி வைத்ததை நடுக்குளிர்காலத்தில் எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார்கள். வாங்கிச் சில வருடமாகியும் அதிகம் போடாத பூட்ஸ். மேல்தோல் புதுசாகவே இருந்தது. உழுத வயலின் ஓரமாகப் போகும்போது கணவரின் வலது சோல் குதிகால் பக்கம் வாயைப் பிளந்தது. கொஞ்ச தூரத்திலேயே முழுசாகக் கழன்று சேற்றில் நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்தேன், சோலுக்கும் தோலுக்கும் நடுவிலிருந்த ஃபோம் ஈர ரொட்டித்தூள் மாதிரி விரலில் உதிர்ந்தது. கழன்ற சோலை லேஸால் பூட்ஸோடு சேர்த்துச் சுற்றிக் கட்டி, தார்ச்சாலை வரை கைத்தாங்கலாகக் கூட்டிவந்தோம். அவ்வளவு விலை கொடுத்து வாங்கியது அன்றோடு குப்பைக்குப் போனது.

காரணம் இதுதான். நிறைய பூட்ஸில் அந்த நடு அடுக்கு பாலியூரித்தேன் ஃபோம். காற்றிலுள்ள ஈரம் அதோடு மெல்ல வினைபுரிந்து அதன் பிணைப்புகளை அறுத்துவிடும். நீராற்பகுப்பு என்று பள்ளியில் படித்திருப்போம், அதேதான். போடாமல் வைத்தாலும் இது நடக்கும். ஈரத்தோடு மூடி வைத்தால் இன்னும் சீக்கிரம் நடக்கும். ‘அதிகம் போடவில்லை, புதுசு மாதிரிதான் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் எனக்குப் பயமே அங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே பூட்ஸைக் கடைசியாகக் கட்டுங்கள். முதலில் சேற்றைக் கழுவி, இன்சோலை வெளியே எடுத்து, லேஸைத் தளர்த்தி, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். ஹீட்டர் மேல் வைக்காதீர்கள். தோல் வெடிக்கும், பசை விட்டுப்போகும். முழுக்கக் காய்ந்த பிறகு துணிப்பையில் போடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். நாள்பட்டு எடுக்கும்போது நடு அடுக்கைக் கட்டைவிரலால் பலமாக அழுத்திப் பாருங்கள். விரிசலோ பிசுபிசுப்போ தூளோ தெரிந்தால் அதைப் போட்டுக்கொண்டு காட்டுப்பக்கம் வரவே வராதீர்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் முதல் நடை தெருவைச் சுற்றியே இருக்கட்டும்.

தூரத்தைப் பார்த்து நேரத்தை மறப்பது

வீட்டு விஷயமாக மெயில் வருமா என்று மதியம் வரை காத்திருந்துவிட்டு, அப்புறம் கிளம்புவார்கள். 50 டிகிரி வட அட்சரேகைப் பக்கம் டிசம்பர் கடைசியில் பகல் வெளிச்சமே சுமார் 8 மணி நேரம்தான். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்கு சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். குளிர்காலச் சேற்றில் அது போதாது, கூடவே தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் உறைந்து கெட்டியாக இருக்கும் பாதை மதியத்தில் மேலாக மட்டும் இளகும், அடியில் இறுக்கமாகவே இருக்கும். போகும்போது நன்றாக இருந்த அதே பாதை திரும்பும்போது வழுக்குவது அதனால்தான்.

ஜீன்ஸ்

வேண்டாம். நனைந்தால் லேசில் காயாது.

எல்லாவற்றுக்கும் போனை நம்புவது

வரைபடம், டார்ச், வரவேண்டிய அழைப்பு மூன்றும் ஒரே பேட்டரியில். குளிரில் லித்தியம் பேட்டரியின் உள்வினை மந்தமாகி, சார்ஜ் மிச்சமிருக்கும்போதே போன் அணைந்துவிடலாம். உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். காகித வரைபடமும் தனி டார்ச்சும் கூடவே இருக்கட்டும்.

முக்கிய அழைப்பு வரும் நாளில் சிக்னல் இல்லாத பக்கம் போவது

போகாதீர்கள்.

பழைய பாதையை மட்டுமே சுற்றுவது

விட்டுப் போகப்போகிறோமே என்று பழகின பாதையிலேயே நடப்பார்கள். அந்த மனசு எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரு நாளாவது, போகப்போகும் ஊரின் வெளிப்புறத்தில் நடந்து பாருங்கள். இலை உதிர்ந்த மரங்களுக்கு இடையே நிலத்தின் மேடுபள்ளம் அப்படியே தெரியும். எந்தச் சரிவில் உறைபனி மதியம் வரை உருகவில்லை, மழைக்கு மறுநாள் எந்தத் தாழ்வில் தண்ணீர் வடியவில்லை என்பதைக் கோடையில் போய்ப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தண்ணீர் நீங்கள் வாங்கும் வீட்டின் வேலிக்குப் பக்கத்தில் நின்றால், கையெழுத்துப் போடும் முன்பே விற்பவரிடம் அதைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.