புல்லைத் திரும்பிப் பார்க்காத முயலைப் புல் தின்ன வைப்பது எப்படி?

எங்கள் வீட்டு முயலின் பெயர் கருப்பட்டி. நிறமும் அதுதான், பிடிவாதமும் அவ்வளவு கெட்டி. ஒரு வயது, 1.8 கிலோ எடை. உலர்புல்லைத் தட்டில் வைத்தால் அதன்மேல் ஏறி மெத்தைபோல உட்கார்ந்துகொண்டு, பெல்லட் (குச்சி குச்சியாக அழுத்திச் செய்த கடைத் தீவனம்) டப்பா திறக்கும் சத்தத்துக்குக் காத்திருக்கும். “இதுக்கு நாக்கு நீளம், புல்லெல்லாம் தின்னாது” என்று அம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார். இப்போது அதே முயல் தினமும் தன் உடம்பு பருமனுக்கு ஒரு கட்டுப் புல்லைத் தின்று தீர்க்கிறது. இடையில் ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்தில் என்ன செய்தோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

அதற்கு முன், புல்லுக்கு ஏன் இத்தனை பாடு? முயலுக்கு மொத்தம் 28 பற்கள். எல்லாமே வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் வாரத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வளரும். நாருள்ள புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத் தின்றால்தான் கடைவாய்ப்பற்கள் தேயும். பெல்லட்டோ நாலு கடியில் நொறுங்கிவிடும். குடலுக்கும் நீளமான நார் வேண்டும். உள்ளே இருப்பதைத் தள்ளிக்கொண்டு போவது அதுதான். நார் குறைந்தால் குடலின் அசைவு மந்தமாகி, ஒருநாள் நின்றேவிடும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. அதனால் வளர்ந்த முயலின் சாப்பாட்டில் குறைந்தது 80 சதவீதம் புல்லாக இருக்க வேண்டும்.

அப்படியென்றால் வாங்கிய இடத்தில் ஏன் பெல்லட்டை நிறையப் போடச் சொன்னார்கள்? நம் ஊரில் முயல் வளர்ப்பு என்றாலே இறைச்சிப் பண்ணைதான். அங்கே முயல் சில மாதத்தில் எடை போட வேண்டும், அதற்கு அடர்தீவனம் சரி. வீட்டு முயல் எட்டு, பத்து வருடம் நம்மோடு இருக்கப் போவது. பண்ணைக் கணக்கு இதற்குப் பொருந்தாது.

படி 1: முதலில் வாயைப் பாருங்கள்

புல் தின்னாததை அடம் என்று நினைத்து நான் ஒரு மாதத்தை வீணாக்கினேன். பல் வலித்தாலும் முயல் இப்படித்தான் செய்யும். தாடை ஈரமாக இருக்கிறதா, வாயில் எடுத்த புல்லைக் கீழே போடுகிறதா, மென்மையானதை மட்டும் தேடுகிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் முயல் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் போங்கள். ‘பார்த்துப் பழகிய’ என்று சொல்லக் காரணம் இருக்கிறது. நாய்க்குச் சாதாரணமாகக் கொடுக்கும் அமாக்சிசிலின் மருந்து, முயலுக்கு வாய்வழியாகப் போனால் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று உயிருக்கே ஆபத்தாகலாம். கருப்பட்டிக்குப் பல்லில் பிரச்சினை இல்லை. அப்போதுதான் அடுத்த படி.

படி 2: யார் என்ன கொடுக்கிறார்கள் என்று எழுதுங்கள்

கூண்டுக்குப் பக்கத்தில் கிழித்த காலண்டர் தாளையும் ஒரு பேனாவையும் கட்டித் தொங்கவிட்டேன். முயலுக்கு எதைப் போட்டாலும் எழுத வேண்டும், அவ்வளவுதான் சட்டம். மூன்றே நாளில் குட்டு வெளிப்பட்டது. காலையில் அம்மா சப்பாத்தித் துண்டு. பள்ளிவிட்டு வந்ததும் மகள் பிஸ்கட். ராத்திரி ஒரு கேரட், அது நான். இதற்குமேல் ஒரு டம்ளர் நிறைய பெல்லட், எடை போட்டால் 100 கிராம். வயிறு நிறைய விருந்து தின்றவனுக்கு யார் கஞ்சி ஊற்றினாலும் இறங்குமா?

சப்பாத்தி, பிஸ்கட், சோறு, ரொட்டி எல்லாவற்றையும் அன்றைக்கே நிறுத்திவிடலாம். கேரட்டும் இனிப்புப் பண்டத்தோடு சேர்த்திதான். வாரத்துக்கு ஒன்றிரண்டு சின்ன வில்லை போதும். பச்சைக்கு முள்ளங்கி இலை, கொத்தமல்லி, புதினா கொடுக்கலாம். அதையும் புல் தின்ற பிறகு.

படி 3: பெல்லட்டை மெதுவாகக் குறையுங்கள்

பெல்லட்டை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். “பசித்தால் தானே தின்னும்” என்ற பேச்சு முயலிடம் செல்லாது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாமல் இருந்தாலே அதன் குடல் நின்றுவிடக்கூடும்.

வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் பெல்லட் தாராளம். கருப்பட்டிக்கு 45 கிராம். நாங்கள் 100-லிருந்து 85, 70, 55, 45 என்று வாரத்துக்கு ஒரு படியாக இறங்கினோம். சமையலறைத் தராசில் ஒரு கூடையை வைத்து வாராவாரம் முயலையும் எடை போட்டோம். இரண்டாவது வாரம் 60 கிராம் இறங்கியது. பயந்துபோய் அந்த வாரம் மேலும் குறைக்காமல் 70-லேயே நிறுத்தினோம், எடை நிலைத்தது. நாலு வார வேலை ஐந்தானது இப்படித்தான். உங்கள் முயல் 100 கிராமுக்குமேல் இறங்கினால் பழைய அளவுக்கே திரும்பிவிடுங்கள்.

ஆறு மாதம் ஆகாத குட்டி என்றால் இந்தப் படியைத் தொடவே வேண்டாம். வளரும் குட்டிக்குப் பெல்லட்டும் வேண்டும், குதிரைமசால் (அல்ஃபால்ஃபா) உலர்புல்லும் தரலாம். அதே குதிரைமசாலைப் பெரிய முயலுக்குத் தினமும் போட்டால் சுண்ணாம்புச் சத்து அதிகமாகிச் சிறுநீர்ப்பையில் சேரும்.

படி 4: புல்லை மாற்றிப் பாருங்கள்

முயல் வெறுப்பது புல்லையா, அந்தப் பொட்டலத்தில் இருக்கும் புல்லையா? எங்கள் முதல் பொட்டலம் மஞ்சளாக, தூசியாக, வாசனையே இல்லாமல் இருந்தது. நல்ல உலர்புல் லேசான பச்சை நிறம் மாறாமல், கையில் எடுத்தால் இனிப்பான வாசம் அடிக்க வேண்டும். திமோதி, ஓட்ஸ் புல், ஆர்ச்சர்ட் புல் என்று ஆன்லைனில் சிறு பொட்டலங்கள் கிடைக்கின்றன. ஒரேயடியாக ஐந்து கிலோ வாங்காமல் வகைக்கு ஒன்று வாங்கி, மூன்றையும் தனித்தனியாக வைத்து எது முதலில் காலியாகிறது என்று பாருங்கள். கதிரோடு வரும் ஓட்ஸ் புல்லைக் கருப்பட்டி அரை மணியில் முடித்துவிட்டது.

வைக்கோலை இதில் சேர்க்காதீர்கள். கூண்டில் விரிக்க ஆகும், சத்துக்கு ஆகாது.

இறக்குமதிப் புல்லின் விலையைப் பார்த்துத் தலை சுற்றுகிறதா? பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லே முயலுக்கு நல்ல தீனி. வெளிநாட்டில் பெர்முடா புல் என்று விற்பது இதைத்தான். தெரு ஓரத்தில் பறிக்காமல் மருந்து தெளிக்காத இடத்தில் அறுத்து, அலசி, தண்ணீர் வடிய விட்டு, காற்றோட்டமான நிழலில் துணியின்மேல் மெல்லிசாகப் பரப்புங்கள். காலையும் மாலையும் புரட்டிவிடுங்கள். எங்கள் மாடியில் மூன்று நாளில் காய்ந்துவிடும். ஒரு தண்டை மடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டி வைத்தால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். பச்சையாகக் கொடுப்பதென்றால் முதல் நாள் நாலு தண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

படி 5: சாப்பிடும் இடத்தை மாற்றுங்கள்

எங்களுக்குப் பலித்ததில் பாதி இதுதான், செலவும் இல்லை. முயலுக்கு விசித்திரமான பழக்கம் ஒன்று உண்டு: புழுக்கை போட்டுக்கொண்டே தின்னும். அதனால் அது வழக்கமாக ஒதுங்கும் தட்டின் ஒரு ஓரத்தில், வாய் எட்டும் தூரத்தில் புல்லை வையுங்கள். நமக்கு முகம் சுளிக்கத் தோன்றும், முயலுக்கு அதுதான் வசதி. எங்கள் வீட்டில் சாயம் ஏற்றாத பனையோலைப் பெட்டி ஒன்றில் புல்லைத் திணித்துத் தட்டை ஒட்டி வைத்தோம். இரண்டு வாரத்தில் புல்லோடு பெட்டியும் பாதி காலி. ஓலைதானே, தின்றால் தின்னட்டும். கம்பிப் பந்துக்குள் புல் வைத்து விற்கிறார்களே, அது வேண்டாம்; தலையோ காலோ சிக்கிக்கொள்ளும்.

படி 6: பசிக்கும் நேரத்தில் புதுப் புல்

முயல் சுறுசுறுப்பாக இருப்பது விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும்தான். அந்த இரண்டு வேளையும் பழைய புல்லை உதறித் தூசி போக்கி, மேலே ஒரு கைப்பிடி புதுசு போடுங்கள். கிளறிவிட்டாலே புதிதாக வந்ததாக நினைத்து ஓடி வரும். பெல்லட்டை அதற்கு ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். அதிலும் பாதியைப் புல்லுக்குள் தூவிவிட்டால் தேடும் சாக்கில் நாலு தண்டு வாய்க்குள் போகும். நிழலில் காய வைத்து நொறுக்கிய புதினா, மல்லித்தழையும் தூவலாம். சித்திரை வெயிலில் மின்விசிறிக்கு எட்டும் இடத்தில் கூண்டை வையுங்கள். வெக்கையில் எந்த முயலும் சரியாகத் தின்னாது.

படி 7: புழுக்கையைப் படியுங்கள்

முயல் புல் தின்கிறதா என்று தட்டைப் பார்த்தால் தெரியாது. பாதியைக் கீழே இழுத்துப் போட்டிருக்கும். காலையில் பெருக்கும்போது புழுக்கையைப் பாருங்கள். கொண்டைக்கடலை அளவில், உருண்டையாக, பொன்னிறத்தில் உதிர்ந்து உள்ளே நார் தெரிந்தால் புல் உள்ளே போகிறது. மிளகு அளவில் கறுத்து இறுகியிருந்தால் போகவில்லை. திராட்சைக் கொத்துபோல ஒட்டிப் பளபளப்பாக இருப்பது வேறு. அதை முயல் தானே திரும்பத் தின்றுவிடும், அதில் அதற்குச் சத்து இருக்கிறது. தின்னாமல் விட்டுவைத்து அது தரையில் அப்பிக் கிடந்தால் தீனியில் சத்து இன்னும் தேவைக்குமேல் இருக்கிறது என்று அர்த்தம்.

புழுக்கையே இல்லை, முயலும் மூலையில் குறுகி உட்கார்ந்திருக்கிறது என்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

ஐந்தாவது வாரம் ஒரு காலையில் அம்மா கூண்டைப் பெருக்கிவிட்டு, “இன்னிக்கு எல்லாம் கடலை சைஸ்” என்று அடுப்படிக்கு வந்து அறிவித்தார். அந்தக் காலண்டர் தாள் இன்னும் தொங்குகிறது. கேரட் என்ற வரியில் மட்டும் எப்போதாவது என் கையெழுத்து இருக்கும்.

பி.கு.: ஐப்பசி மழை தொடங்கும் முன் புல்லைக் காற்றுப் புகும் துணிப்பைக்கு மாற்றித் தரையில் படாமல் தொங்கவிடுங்கள். இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பைக்குள் எங்களுக்கு ஒரு கிலோ ஓட்ஸ் புல் பூஞ்சை பிடித்தது. கெட்டதைப் பொறுக்கி எடுத்துவிட்டு மீதியைப் போடலாமா என்று யோசிக்காதீர்கள், முழுதாகக் கொட்டிவிடுங்கள்.