ஒரு ஏக்கரில் தைல மரம்: கன்று முதல் மறுதாம்பு வரை

யூகலிப்டஸைத்தான் புதுக்கோட்டைப் பக்கம் தைல மரம் என்போம். சில ஊர்களில் ஆர்.எஸ்.பதி மரம். பெயரை நம்பித் தைலம் காய்ச்சலாம் என்று வந்துவிடாதீர்கள், நீலகிரியில் அதற்கு இருப்பது வேறு இனம். நம் காட்டில் நிற்பது காகித ஆலைக்குப் போகிற மரம். 'நட்டுவிட்டு நாலு வருஷம் கழித்து வந்து வெட்டிக்கொள்' என்பார்கள். நானும் அப்படித்தான் முதல் ஏக்கரை நட்டேன், கெட்டேன். வேலை குறைவுதான், ஆனால் இரண்டு சமயங்களில் கண்ணைக் கொடுக்க வேண்டும்: முதல் வருஷம், அப்புறம் முதல் வெட்டு.

முதலில் இடம். செம்மண், சரளை மண் போதும். தண்ணீர் தேங்கும் பள்ளமும் சுண்ணாம்பு மண்ணும் ஆகாது. சுண்ணாம்பு மண்ணில் இலை வெளுத்துவிடும். கிணற்றையோ பக்கத்து வயல் வரப்பையோ ஒட்டி நடாதீர்கள். இந்த மரம் நீரை உறிஞ்சுமா என்று ஊரில் ஓயாத சண்டை. தைலத் தோப்பை ஒட்டிக் கடலை போட்டவரிடம் கேளுங்கள், சொல்வார்.

அடுத்து கன்று. விலை குறைவு என்று விதைக் கன்று வாங்கினேன். ஒரு மரம் பனை உயரம், பக்கத்து மரம் குடைக்கம்பு. குளோன் கன்று என்றால் எல்லாம் ஒரே மரத்தின் பிள்ளைகள், ஒரே சீராக வரும். ஒரு குறை: தண்டை வேர்விட வைத்து எடுப்பதால் அதற்கு ஆணிவேர் கிடையாது, பெருங்காற்றில் சாயலாம். 2018 கஜா புயலைப் பார்த்த ஊர்க்காரனாக ஒரே குளோனை நம்பாமல் இரண்டு மூன்று ரகம் கலந்து நடுகிறேன். வாங்கும்போது இலைக் காம்பையும் நடு நரம்பையும் தடவிப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அது குளவி போட்ட முட்டையின் வேலை. அந்தக் கன்று வேண்டாம். நாற்றங்கால் குழாயில் வேர் சுருண்டுபோன பழைய கன்றும் வேண்டாம்.

நடவு ஐப்பசியில், மண் நன்றாக நனைந்த பிறகு. வரிசைக்கு வரிசை 10 அடி, கன்றுக்குக் கன்று 5 அடி. ஏக்கருக்குச் சுமார் 870 கன்று பிடிக்கும். நெருக்கி நட்டால் மரம் கூடும், பருமன் கூடாது. ஓரடிக் குழி எடுத்து வேப்பம் பிண்ணாக்கு ஒரு கை போடுங்கள். வேர்மண் உடையாமல் கன்றை இறக்கி, சுற்றிலும் மிதித்து இறுக்குங்கள். கரையான் உள்ள காடு என்றால் மருந்து ஊற்றாமல் விடாதீர்கள். செத்த கன்றுக்குப் பதில் கன்று ஒரு மாதத்துக்குள் வைத்துவிட வேண்டும், பிந்தி வைத்தது நிழலில் நோஞ்சானாகவே நிற்கும்.

முதல் வருஷம் களைதான் எதிரி. கோரையும் அருகும் கன்றின் சோற்றைத் தின்றுவிடும். நடுவே உளுந்தோ கடலையோ போட்டால் அந்தச் சாக்கில் களையும் எடுபடும். கன்றிலிருந்து இரண்டடி தள்ளிப் போடுங்கள். இரண்டாம் வருஷம் நிழல் விழுந்ததும் இந்தக் கவலை ஓய்ந்துவிடும்.

நாலைந்து வருஷத்தில் வெட்டு. டன் கணக்கில் விற்பதாக இருந்தால் பட்டை உரித்த கட்டையை வெயிலில் போட்டு வைக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் எடை இறங்கும், லாரி வருவது உறுதியான பிறகு வெட்டச் சொல்லுங்கள்.

வெட்டும்போது கூடவே நில்லுங்கள். தரையிலிருந்து நாலு விரல், அரை சாண் உயரத்தில், லேசான சாய்வாக, பட்டை கிழியாமல் அறுக்க வேண்டும். சாய்வு இருந்தால்தான் மழைநீர் வழிந்தோடும். பட்டை உரிந்த அடிக்கட்டையில் மறுதாம்பு, அதாவது அடுத்த வெட்டுக்கு வளர்கிற புதுத் தண்டு, சரியாகத் துளிர்க்காது. கூலிக்கு வெட்டுபவர் அடுத்த காட்டுக்குப் போய்விடுவார், அந்தக் கட்டையோடு இன்னும் நாலு வருஷம் வாழப்போவது நீங்கள். கோடை உச்சத்தில் வெட்டாதீர்கள். தழைக் குப்பையைக் கட்டை மேல் குவித்து எரிக்கவும் விடாதீர்கள்.

ஒரு கட்டையில் பத்துப் பதினைந்து துளிர் வரும். ஆள் உயரம் வந்ததும் தெம்பான இரண்டை எதிரெதிர்ப் பக்கமாக விட்டு மற்றதைக் கழியுங்கள். கழித்த தழையை ஆட்டுக்குப் போடலாமா என்று கேட்பார்கள். ஆடு சீண்டாது. வேலி போடாமல் இந்த மரம் வளர்வது அதனால்தான்.