பேனா கடைவதற்கு முன் ரீஃபிலை முடிவு செய்யுங்கள்

நான் கடைந்த இரண்டாவது பேனா அப்பாவுக்கு. கோயம்புத்தூர் கணபதியில் அவருக்கு லேத் பட்டறை இருந்தது. இரும்பு கடையும் வேலையை அவரிடம்தான் படித்தேன், மரத்துக்கு வந்தது பிற்பாடு. வீட்டில் உடைந்து கிடந்த ஈட்டி மரக் கட்டிலின் காலை அறுத்து, மரம் தவிர மற்றப் பாகங்களெல்லாம் அடங்கிய ரோலர்பால் பேனாக் கிட் ஒன்று வாங்கி, மூடியிலிருந்து உடல்வரை மர ரேகை அறுபடாமல் ஓடும்படி பார்த்துப் பார்த்துச் செய்தேன். அப்பா அதைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பையில் பழைய பிளாஸ்டிக் பேனா இருந்தது. ஏன் என்று கேட்டேன். பில் புக்கை எடுத்து விரித்தார். மேல் தாளில் எழுத்து கறுகறுவென்று அழகாக இருந்தது. கார்பனுக்கு அடியில் இருந்த நகலில் பாதி எண்களைக் காணவில்லை. “நல்லா வழுக்கிட்டுப் போகுதும்மா, ஆனா கீழ இறங்க மாட்டேங்குது” என்றார்.

அன்றிலிருந்து, மரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே ரீஃபிலைத் தேர்ந்தெடுக்கிறேன். ரீஃபில் எது என்று தெரிந்தால்தான் கிட் எது, துளை எவ்வளவு, மூடி உண்டா இல்லையா என்பதெல்லாம் தெரியும். புதிதாகக் கடைய வருகிறவர்கள் பெரும்பாலும் கிட்டின் படத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். எழுதப்போகும் கையை அப்புறம்தான் யோசிக்கிறார்கள்.

பால்பாயிண்ட், ரோலர்பால் இரண்டுக்கும் முனையில் இருப்பது ஒரு சின்னக் குண்டுதான். வேறுபாடு மையில் இருக்கிறது. பால்பாயிண்டில் எண்ணெய் கலந்த, பசை போன்ற கெட்டி மை. ஹங்கேரிக்காரரான லாஸ்லோ பீரோ 1938-இல் காப்புரிமை வாங்கியது இந்த வகைக்குத்தான். பத்திரிகையாளரான அவர், அச்சு மை சட்டென்று காய்வதைப் பார்த்து, அதைப் போன்ற மையைப் பேனாவுக்குள் கொண்டுவர முயன்றார். கெட்டி மை என்பதால் குண்டை உருட்ட நாம் கொஞ்சம் அழுத்த வேண்டும். ரோலர்பாலில் நீர் கலந்த மெல்லிய மை. ஜப்பானில் 1960-களில் வந்தது. தாளைத் தொட்டாலே மை இறங்கிவிடும். கை தானாகவே அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்பாவின் கார்பன் தாளில் நடந்தது அதுதான்.

இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே மற்றதெல்லாம் வருகிறது. நீர் மை காற்றுப் பட்டால் காய்ந்துவிடும், அதனால் மூடி வேண்டும். மெல்லிய தாளில் ஊறி மறுபக்கம் தெரியும். மழையில் நனைந்தால் பெரும்பாலும் கரைந்து ஓடும். எழுதிய உடனே விரல் பட்டால் இழுக்கும். இடது கையால் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய தொந்தரவு, ஏனென்றால் அவர்களுடைய கை எழுதிய வரியின் மேலேயே நகர்ந்து போகிறது. எண்ணெய் மைக்கு இந்தக் கவலைகள் குறைவு. மாதக்கணக்கில் மேசையில் கிடந்தாலும் எடுத்து எழுதலாம். ஒரு ரீஃபில் வெகுநாள் வரும். ஆனால் நான்கைந்து பக்கம் தொடர்ந்து எழுதினால் விரல் வலிக்கும். வளைவுகளில் முனையைச் சுற்றி மை திரண்டு, அடுத்த எழுத்தில் பொட்டாக விழும். நம் எழுத்தில் வளைவுக்குப் பஞ்சமில்லை. எந்த ரீஃபிலைச் சோதித்தாலும் நான் நேர்க்கோடு கிழித்துப் பார்ப்பதில்லை, ஒரு வரி முழுக்க ‘ஞ’, ‘ண’, ‘ழ’ எழுதிப் பார்ப்பேன். நல்ல ரீஃபில் ‘ஞ’வின் சுழியில் விட்டுப்போகாது, பொட்டும் வைக்காது.

பேனா கேட்டு வருகிறவர்களிடம் “உங்களுக்கு எது பிடிக்கும்?” என்று கேட்டால் பதில் வராது. நான் அவர்கள் அன்றாடம் எழுதிய ஒரு தாளைக் கேட்பேன். அதைத் திருப்பிப் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். எழுத்து மேடு மேடாகத் தட்டுப்பட்டால் அது அழுத்தி எழுதும் கை, பால்பாயிண்ட் அதற்குத் தாங்கும். தாள் வழவழப்பாக இருந்தால் ரோலர்பாலை யோசிக்கலாம். கூடவே இரண்டு கேள்வி கேட்பேன். ஒரே மூச்சில் எவ்வளவு எழுதுவீர்கள்? எதன் மேல் எழுதுவீர்கள்?

எங்கள் தெருவில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். ஒரு நாளில் எழுபது சீட்டு எழுதுவார், ஒவ்வொன்றும் மூன்று வரி. இடையில் ஸ்டெதஸ்கோப், நாடி, குழந்தையின் அழுகை. அவருக்கு மூடியைத் திருகித் திறக்க ஒரு கை மிச்சம் இல்லை. திறந்தே வைத்தால் முனை காயும். அவருக்கு, மூடியில்லாமல் உடலைத் திருகினால் முனை வெளியே வருகிற திருகு வகைப் பால்பாயிண்ட்தான் செய்து கொடுத்தேன். நாட்குறிப்பு எழுதும் என் சித்திக்கு ரோலர்பால். இரவில் உட்கார்ந்தால் இரண்டு பக்கம் எழுதுவார், தடித்த தாள், அவசரம் கிடையாது. மூடியைத் திறந்து, எழுதி, மூடி வைப்பதே அவருக்கு ஒரு நிறைவு.

இனி பட்டறைப் பக்கம்.

முதல் பேனா கடைகிறவர், மரத்துக்குள் ஒட்டுகிற 7 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய் இரண்டு உள்ள மெலிந்த திருகுப் பேனாவில் தொடங்குவதே நல்லது. முக்கால் அங்குலச் சதுரக் கட்டையில் 7 மி.மீ. துளை போட்டால் சுற்றிலும் 6 மி.மீ. மரம் நிற்கும். டிரில் கொஞ்சம் விலகினாலும் கட்டை பிழைக்கும். நான் வாங்கும் ரோலர்பால் கிட்டுக்கு மூடியில் 12.5, உடலில் 10.5 மி.மீ. துளை வேண்டும். அதே கட்டையில் 12.5 போட்டால் பக்கத்துக்கு 3 மி.மீ. சொச்சம்தான் மிச்சம். துளை சற்றே சாய்ந்தாலும் கடையும்போது பித்தளை எட்டிப் பார்க்கும். ஆகவே பெரிய துளையைக் கையில் பிடித்துப் போடாதீர்கள். கட்டையை லேத்தின் சக்கில், அதாவது இறுகப் பிடிக்கும் வாயில், பிடித்து, டிரில்லைப் பின்பக்கத்திலிருந்து மெதுவாகத் தள்ளுங்கள். அரை அங்குலத்துக்கு ஒருமுறை வெளியே இழுத்துத் தூளைக் கொட்டுங்கள். சூடேறினால் மரம் வெடிக்கும், பிசினில் வார்த்த பிளாஸ்டிக் கட்டையாக இருந்தால் இன்னும் சீக்கிரம் வெடிக்கும். கட்டையைத் தேவைக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் கூடுதல் நீளமாகவே அறுத்து, துளை மறுமுனையைத் தொடுவதற்குள் நிறுத்திவிட்டு, மிச்சத்தை அறுத்து எறிந்தால் வாய் பிளக்காது.

மரத்தில் வைரம் பாய்ந்த பகுதியையே எடுங்கள். புளிய மரத்து வைரம், ஈட்டி, நன்றாகக் காய்ந்த தேக்கு எல்லாம் நம் பக்கத்தில் பழைய கதவு, கட்டில், உரல் என்று கிடைக்கும். ஐம்பது வருடம் வீட்டுக்குள் காய்ந்த மரத்துக்கு ஈடாக எந்தக் கடைக் கட்டையும் எனக்குக் கிடைத்ததில்லை. ரோலர்பாலின் மெல்லிய சுவருக்கு ஈரக் கட்டை கூடவே கூடாது. குழாய் சுருங்காது, மரம் சுருங்கும், இரண்டு மாதத்தில் நெடுக விரிசல் விடும்.

ரோலர்பாலில் இன்னொரு கவனம் வேண்டும். மூடியும் உடலும் வேறு வேறு பருமன். ஒரே கட்டையிலிருந்து அறுத்து, அறுக்குமுன் பென்சிலால் அம்புக்குறி போட்டுவிடுங்கள். எது தலை, எது வால் என்று ஒருமுறை மாறிவிட்டால் ரேகை பிறகு சேரவே சேராது. மரை வந்து நிற்கும் இடத்தில்தான் ரேகை சேர வேண்டும் என்பதால், மூடியை ஒருமுறை பூட்டிப் பார்த்து, எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு உடலின் உலோகப் பாகத்தை அழுத்திப் பொருத்துங்கள். என் அப்பாவின் பேனாவில் இதற்கே ஒரு சாயங்காலம் போனது.

எழுதும்போது மூடியைப் பின்னால் செருகுகிறவரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கனமான உலோகப் பூண் உள்ள மூடி பின்னால் ஏறினால் பேனா கட்டைவிரல் சந்தில் மல்லாந்து விழப் பார்க்கும். சின்னக் கை உள்ளவர்களுக்கு அது பாரம். அவர்களுக்கு மூடியைச் செருகாமலே நீளம் போதுகிற கிட்டாகப் பார்த்து எடுப்பேன்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. முடிவு செய்ய முடியாதவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பார்க்கர் அளவு ரீஃபில் போடுகிற, ஒரே குழாய் உள்ள திருகுப் பேனாக் கிட்டை வாங்குங்கள். 98 மி.மீ. நீளமுள்ள அந்த அளவில் எண்ணெய் மையும் வருகிறது, ஜெல்லும் வருகிறது, ஷ்மிட் நிறுவனத்தின் பி8126 போல மூடியில்லாமலே காயாமல் தாங்கும் ரோலர்பாலும் வருகிறது. எண்ணெய் மையிலேயே இளகலாக எழுதும் ஈஸிஃப்ளோ 9000 என்ற ரீஃபிலும் அதே அளவுதான். ஒரு பேனாவில் நான்கு குணம். விடைத்தாள் திருத்தும் ஒரு டீச்சருக்கு இப்படித்தான் செய்தேன். ரோலர்பால் அந்த மெல்லிய தாளில் ஊறியது, சாதாரண பால்பாயிண்டில் நூறு தாள் திருத்தினால் மணிக்கட்டு வலித்தது. கடைசியில் சிவப்பு ஜெல்லில் நின்றார். பேனாவை நான் தொடவே இல்லை, ரீஃபிலை மட்டும் மாற்றினேன். முன்பு சொன்ன 7 மி.மீ. மெலிந்த பேனாவில் இந்த வசதி கிடையாது. அதற்குக் கிராஸ் நிறுவனத்தின் வகை ஒல்லி ரீஃபில்தான் போகும், அதில் தெரிவு மிகக் குறைவு.

திருகுப் பேனாவைப் பூட்டும்போது அந்தத் திருகு இயந்திரத்தை ஒரேயடியாக அழுத்தி இறக்காதீர்கள். அதிகம் இறங்கினால் முனை உள்ளே போகாது, சட்டைப்பையில் நீலம் பரவும். குறைவாக இறங்கினால் முனை வெளியே வராது. வைஸ் என்ற இறுக்குக் கருவியில் மரத்துண்டு வைத்துக் கொஞ்சம் அழுத்தி, ரீஃபிலைப் போட்டுத் திருகிப் பார்த்து, மறுபடி கொஞ்சம் அழுத்துங்கள். எந்த ரீஃபில் போகப்போகிறதோ அதையே போட்டுப் பாருங்கள்.

அப்பாவுக்கு அந்த ஈட்டிக் காலின் மிச்சத்திலேயே இன்னொன்று கடைந்தேன், ஒரே குழாய், 1.0 மி.மீ. குண்டு, எண்ணெய் மை. மூன்றாவது நகல்வரை எண் விழுந்தது. இப்போது யாருக்குப் பேனா கொடுத்தாலும் பெட்டிக்குள் ஒரு சின்னச் சீட்டு வைக்கிறேன். ரீஃபிலின் பெயர், அளவு, குண்டின் பருமன், எந்தப் பக்கம் திருகித் திறக்க வேண்டும். மை தீர்ந்த அன்று அவர்கள் அந்தச் சீட்டோடு கடைக்குப் போனால் போதும்.